இருக்கட்டுங்க

தொண்டாமுத்தூரிலிருந்து மலையைப் பார்த்து மேற்கே போகும் சாலையில் நின்று பொங்கியண்ணன் தோட்டம் எது என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட வழி சொல்லும். வழி சொல்பவர்கள் கூடவே இன்னொன்றும் சொல்வார்கள். “பாத்துப் போங்க. காப்பி குடிக்காம அந்த ஊட்டுல இருந்து ஒருத்தரும் வெளிய வந்ததில்லீங்க.”

பொங்கியண்ணனுக்கு ஐம்பத்தெட்டு வயது. பத்தாவது வரை படிப்பு. எட்டு ஏக்கரில் பாதி தென்னை. மீதியில் சின்ன வெங்காயமும் அந்தந்தப் பட்டத்துக்கு வரும் காய்கறியும். கோபம் வந்தாலும் ‘ங்க’ போட்டுத்தான் திட்டுவார். ஒரு முறை தோப்புக்குள் புகுந்து குருத்தைப் பிடுங்கிக்கொண்டிருந்த யானையைப் பார்த்து, “போயிருங்க சாமி, போதுமுங்க, போயிருங்க” என்று கைகூப்பிக்கொண்டு நின்றார். “யானைக்கும் ஒரு டம்ளர் காப்பி வெச்சுக் குடுத்திருப்பாரு, ராசாத்தாக்காதான் பாலில்லைன்னுபோட்டா” என்று மைத்துனர்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரித்தார்கள் என்று சொல்ல வேண்டும். இப்போது அந்த வீட்டில் யாரும் அந்தக் கதையைச் சொல்வதில்லை.

காப்பி கொடுப்பதிலும் அங்கே ஒரு முறை உண்டு. வந்தவரிடம் “காப்பி சாப்படறீங்களா” என்று கேட்க வேண்டும். வந்தவர் “இருக்கட்டுங்க” என்பார். வேண்டாம் என்று அதற்குப் பொருள் இல்லை. இன்னொரு தடவை கேளுங்கள் என்று பொருள். இரண்டாம் தடவை, “இப்பத்தானுங்க குடிச்சுப்போட்டு வந்தேன்” என்பார். மூன்றாம் தடவை கேட்கும்போது உள்ளே அவர் மனைவி ராசாத்தாள் டிக்காஷனில் பாலை ஊற்றிக்கொண்டிருப்பாள். முதல் தடவையிலேயே சரி என்றவரைப் பார்த்து, பாவம், நெடுந்தூரம் அலைந்து வந்திருக்கிறார் என்று இரங்குவார்கள். ஒரு தடவை கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்ட வீட்டைப் பற்றிப் பத்து வருடம் பேசுவார்கள். பொங்கியண்ணன் ஆயுளில் யாரையும் ஒரு தடவையோடு விட்டதில்லை.

மகனை மட்டும் விட்டுவிட்டார்.

கவின் ஒரே பையன். இருபத்து நான்கு வயது. சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் வேலை. அங்கேயே ஒரு நண்பனுடன் அறை எடுத்துத் தங்கியிருந்தான். ஐப்பசியில் மூன்று நாள் விடுப்பில் வந்தான். அவன் வந்த மறுநாள் விடிந்து பார்த்தால் தென்னங்கன்றுகள் பதினொன்று மிதிபட்டுக் கிடந்தன. சொட்டுநீர்க் குழாய்களை யானைகள் வைக்கோல் பிரிபோல இழுத்துப் போட்டிருந்தன. சாயங்காலம் வனத்துறைக் காவலர் ஒருவர் வந்து பார்த்து எழுதிக்கொண்டார். பொங்கியண்ணன் அவரை மூன்று தடவை கேட்டு, காப்பி கொடுத்து, முறுக்கும் கொடுத்து அனுப்பினார். அனுப்பிவிட்டுத் திரும்பினால் கவின் தண்ணீர்த் தொட்டியின் சுவர்மேல் உட்கார்ந்திருந்தான். காலைத் தொங்கப்போட்டு, தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“என்ன கண்ணு, மொகம் ஒரு மாதிரி இருக்குது?”

“ஒண்ணுமில்லீங்கப்பா.” சற்றுப் பொறுத்து, “இருக்கட்டுங்க” என்றான்.

“செரி” என்றார் பொங்கியண்ணன். கையில் பிடித்திருந்த வால்வைத் திருப்பினார். குழாய்க்குள் தண்ணீர் ஓடும் சத்தத்தை இரண்டு பேரும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எந்த இணைப்பில் ஒழுகுகிறது என்று பார்க்க அவர் குனிந்தார். நிமிர்ந்தபோது பையன் எழுந்து போயிருந்தான்.

மறுநாள் காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு, “போய்ட்டு வாரனுங்க” என்று கிளம்பினான். நான்காம் நாள் அறை நண்பன் போன் செய்தான். கவின் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டிருந்தான். ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை.

பதினாறு நாளும் ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் ஒரு காரணம் தெரிந்திருந்தது. காதலாக இருக்கும் என்றார்கள், கம்பெனியில் நெருக்கடியாக இருக்கும் என்றார்கள், கண்பட்டுவிட்டது என்றார்கள். பொங்கியண்ணன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அவருக்கு ஒரே ஒரு காரணம்தான் தெரியும். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. தொட்டிச் சுவர், செருப்பு, வால்வு. ஒரு தடவை.

போலீஸ் ஸ்டேஷனிலிருந்து பையனின் போன் திரும்பி வர நான்கு மாதம் ஆயிற்று. அதைத் திறக்கத் தெரியாமல் அவர் துடியலூரில் இருக்கும் தங்கை மகள் நந்திதாவிடம் கொண்டுபோனார். அவளும் கவினும் ஒன்றாக வளர்ந்தவர்கள். பிறந்தநாள், வண்டி நம்பர் எல்லாம் போட்டுப் பார்த்தாள். கடைசியில், “மாமா, உங்க மோட்டாரு சர்வீஸ் நம்பர் என்னங்க?” என்று கேட்டாள். கரண்ட் கனெக்‌ஷனின் நம்பரைச் சொன்னார். கடைசி நான்கு எண்ணில் போன் திறந்துகொண்டது. அந்த நம்பரை அவன் சின்ன வயதில் மோட்டார் ரூம் கதவில் படித்துப் படித்துத்தான் எண்களைக் கற்றுக்கொண்டான்.

போனில் ரகசியம் எதுவும் இல்லை. காதலும் இல்லை, கடிதமும் இல்லை. மூடாமல் விட்டிருந்த ஒரு பக்கம் மட்டும் இருந்தது. தாய்லாந்தின் வடக்கே மலைக்காட்டில் ஒரு புத்தர் கோயில். வெளிநாட்டுக்காரர்கள் வந்து பத்து நாள் தங்கலாம், காலையில் யோகா, பிறகு தியானம், பேச்சுக் கிடையாது. ஏழாம் நாள் ஒவ்வொருவரும் தலைமைப் பிக்குவோடு தனியாக ஐந்து நிமிடம் பேசலாம். அடியில் ஒரு விண்ணப்பம். பெயர், வயது, ஊர் எல்லாம் நிரப்பியிருந்தான். உணவு என்ற இடத்தில் சைவம் என்று போட்டிருந்தான். ‘நீங்கள் ஏன் இங்கே வர விரும்புகிறீர்கள்?’ என்று ஒரு கட்டம். அது வெறுமையாக இருந்தது.

“ஏன் அனுப்பாம உட்டுப்போட்டான் அம்மணி?”

“அந்தக் கட்டத்துல என்னமாச்சும் எழுதாம அனுப்ப முடியாதுங்க மாமா. எழுதித்தான் ஆகணும்.”

பொங்கியண்ணன் அந்தக் கட்டத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு, “அங்க நான் போறேன்” என்றார்.

நந்திதா முதலில் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை. வாங்கிக்கொண்ட பிறகு சிரிப்பதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. “மாமா, தியானம் பண்ணோணும்னு ஒலகமே பாயச் சுருட்டிக்கிட்டு நம்மூரு மலையடிவாரத்துக்கு வருது. நீங்க இங்கிருந்து தாய்லாந்து போறீங்களா? உங்க தோட்டத்துல இருந்து பார்த்தாலே மலை தெரியுதுங்க.”

“இங்க எல்லாருக்கும் என்னயத் தெரியுமே அம்மணி” என்றார். “வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே ஆறுதல் சொல்லிப்போடறாங்க.”

அவருக்கான விண்ணப்பத்தை அவளே நிரப்பினாள். அந்தக் கட்டம் வந்தபோது, “என்னன்னு எழுதட்டுங்க?” என்று கேட்டாள். அவர் பையனின் போனை வேட்டி முனையால் துடைத்துக்கொண்டிருந்தார். மன அமைதிக்காக என்று அவளாக எழுதி அனுப்பினாள்.

ராசாத்தாளையும் கூட வரச் சொன்னார்கள். “மாட்டுக்கு ஆரு தண்ணி காட்டறது?” என்றாள். மகன் போனதிலிருந்து அவள் பேச்சு அவ்வளவுதான். மாடு, பால், வெங்காயம். ஆடி பிறப்பதற்குச் சில நாள் இருக்கும்போது, நான்கு வெள்ளை வேட்டியும் ஒரு டப்பா பருப்புப் பொடியும் மடித்து வைத்துக் கொடுத்தாள். எதற்குப் போகிறீர்கள் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

அந்தக் கோயிலில் எல்லோரும் வெள்ளை உடுத்த வேண்டும் என்பது விதி. மற்றவர்கள் வாங்கி வந்த வெள்ளைக் கால்சட்டைகளின் விலைச்சீட்டைப் பிய்த்துக்கொண்டிருக்க, பொங்கியண்ணன் ஊரிலிருந்து கட்டிவந்த வேட்டியோடு பொருந்திப் போனார். யோகா சொல்லிக்கொடுத்தவள் போலந்து நாட்டுப் பெண். பேச்சு நிறுத்துவதற்கு முந்தின சாயங்காலம் ஒவ்வொருவரிடமும் ஊர் கேட்டாள். கோயமுத்தூர் என்று இவர் சொன்னதும் கண் விரிந்து, கும்பிட்டு, யோகா கற்றுக்கொள்ள இரண்டு மாதம் அங்கே தங்கியிருந்ததாகச் சொன்னாள். மறுநாள் முதல் ஒவ்வொரு ஆசனத்துக்கும் அவர் முகத்தைப் பார்த்தே சரியா என்று தெரிந்துகொள்ளப் பார்த்தாள். இவருக்கோ குனிந்தால் விரல் முழங்காலைத் தாண்டவில்லை.

இதையெல்லாம் அவருக்குத் தமிழில் சொன்னவர் சகாயம். மலேசியாவின் ஈப்போவில் பிறந்த தமிழர், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போகிறவர். வருடத்தில் இரண்டு மாதம் இங்கே வந்து மொழிபெயர்ப்பும் பாத்திரம் கழுவுதலும் செய்துவிட்டுப் போவார். இரண்டும் ஒரே வேலைதான் என்பார்.

முதல் நாள் யோகாவின் முடிவில், “இப்போ சவம் மாதிரி படுக்கச் சொல்றாங்க, ஐயா” என்று சகாயம் காதோடு சொன்னார். எல்லோரும் மல்லாந்து படுத்துக் கையைத் தளர்த்தினார்கள். பொங்கியண்ணனும் படுத்தார். கண்ணை மூடினார். அடுத்த மூச்சில் எழுந்து வெளியே போய்க் குழாயடியில் உட்கார்ந்துகொண்டார். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் அந்த இடம் வருமுன் எழுந்து போய்விடுவார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அங்கே கேட்கிற வழக்கம் இல்லை.

பேசாமல் இருப்பது அவருக்குச் சிரமமாக இல்லை. ஊரில் வீடு அப்படித்தான் இருந்தது. மூச்சைக் கவனிக்கச் சொன்னார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனால் அது நேராகத் தொட்டிச் சுவரில் கொண்டுபோய் விட்டது. செருப்பு ஆடுகிறது. வால்வு கையில் இருக்கிறது. அவர் வால்வை விட்டுவிட்டுப் பையன் பக்கத்தில் போய் உட்காருகிறார். மணி அடித்துவிடுகிறது.

ஆனால் ஏழாம் நாள் இருந்தது. அதற்காகத்தான் வந்தார். தன்னை அறியாத ஒருவர், தன் பையனை அறியாத ஒருவர், ஆறுதல் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லாத ஒருவர் முன்னால் அதைச் சொல்லிவிட வேண்டும். அவன் வந்து சொல்லியிருக்க வேண்டிய இடத்தில் தன்னுடையதையாவது சொல்ல வேண்டும். ஆறு நாளும் மனதுக்குள் நான்கு வரியைத் தேய்த்துத் தேய்த்து வைத்திருந்தார். ‘எனக்கொரு பையன் இருந்தானுங்க. அன்னிக்கு அவன் மொகம் வாடியிருந்துச்சுங்க. நான் ஒரே ஒரு தடவைதான் கேட்டேன். இன்னொருக்கா கேட்டிருந்தா இருந்திருப்பானுங்களா?’

பிக்கு வயதானவர். மரத்தரையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார். அறையில் ஒரு மின்விசிறி, ஒரு தண்ணீர்ப் பானை. பொங்கியண்ணன் எதிரே உட்கார்ந்தார், சகாயம் பக்கவாட்டில். பிக்கு மெல்லிய குரலில் ஏதோ கேட்டார்.

“உங்க மனசுல என்னமாச்சும் இருந்தா சொல்லலாம்னு மாஸ்டர் கேக்கறாரு, ஐயா.”

பெரியவர் கேட்கிறார். கேட்டவுடன் கொட்டிவிடுவதா? கைகள் தாமாகக் கூடின. தலை கொஞ்சம் சாய்ந்தது.

“இருக்கட்டுங்க” என்றார்.

சகாயம் ஒரே ஒரு சொல்லில் அதைத் தாய்லாந்து மொழியில் சொன்னார். பிக்கு புன்னகை செய்தார். பொங்கியண்ணன் காத்திருந்தார். முதல் வரி நாக்கில் இருந்தது. பிக்கு இன்னொரு தடவை வாயெடுத்தால் போதும். மின்விசிறி இந்தப் பக்கம் திரும்பியது, அந்தப் பக்கம் திரும்பியது. பிக்கு கண்ணை மூடிக்கொண்டார். ஐந்து நிமிடமும் அப்படியே போயிற்று. வெளியே மணி அடித்தது. கதவருகே அடுத்த ஆள் வந்து நின்றார்.

“முடிஞ்சிருச்சு, ஐயா” என்று சகாயம் தோளைத் தொட்டார்.

மீதி மூன்று நாளும் பொங்கியண்ணன் கண்ணைத் திறந்துகொண்டே தியானத்தில் உட்கார்ந்திருந்தார். பேச்சு அனுமதித்த பத்தாம் நாள் பகலில் சகாயத்தைத் தேடிப் போனார். அவர் தட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க, அன்னிக்கு அவரு இன்னொருக்கா கேக்கவே இல்லீங்களே.”

“எதை?”

“மனசுல என்னமாச்சும் இருக்குதான்னு.”

சகாயம் துணியைக் கீழே வைத்தார். “நீங்கதானே ஐயா வேணாம்னு சொன்னீங்க.”

“வேண்டாம்னு சொல்லலீங்க. இருக்கட்டுங்கன்னு சொன்னேன்.”

“ரெண்டும் ஒண்ணுதானே?”

பொங்கியண்ணன் அவரைப் பார்த்தார். தமிழ் பேசுகிற மனிதர். அதே எழுத்து, அதே சொல். “எங்கூர்ல ஒண்ணில்லீங்க” என்றார்.

சகாயத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. முகம் கறுத்துவிட்டது. “இவங்க யாரையும் ரெண்டாந்தடவை கேக்கறதில்ல. சொல்லாம இருக்கறது அவங்கவங்க விருப்பம், அதுல கை வைக்கக் கூடாதும்பாங்க. இப்போ போய்க் கேக்கலாம்னா, மாஸ்டர் நேத்தே மேல குடிலுக்குப் போயிட்டாரு. மழைக்கால விரதம். மூணு மாசம் யாரையும் பார்க்க மாட்டாரு.” பிறகு தயங்கி, “என்கிட்ட சொல்லுங்களேன், ஐயா. என்ன விஷயம்?” என்றார்.

அன்பாகத்தான் கேட்டார். பொங்கியண்ணனுக்கு அது தெரிந்தது. வாய் திறந்தது.

“இருக்கட்டுங்க” என்றது வாய்.

வெளியே விமான நிலையத்துக்குப் போகும் வேன் ஹாரன் அடித்தது. வேனில் உட்கார்ந்த பிறகுதான் அவருக்கு அது உறைத்தது. அன்றைக்குத் தொட்டிச் சுவரில் உட்கார்ந்திருந்தவனும் இப்படித்தான் முதல் வரியை நாக்கில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். செரி என்று சொல்லி வால்வைத் திருப்பிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்ட பிக்குவுக்காவது தெரியாது. எனக்குத் தெரியும். வழியெல்லாம் இதுவேதான் ஓடியது. இறங்கியபோது கோயமுத்தூர் விமான நிலையத்தில் பாய் சுருட்டிய வெள்ளைக்காரர்கள் ஏழெட்டுப் பேர் காருக்காகச் சிரித்துப் பேசிக்கொண்டு நின்றார்கள்.

தோட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது பிற்பகல். ராசாத்தாள் களத்தோரம் சாக்கை விரித்துச் சின்ன வெங்காயத்தின் தாளைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். பையை வாங்கி உள்ளே வைத்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தாள்.

“போன காரியம் ஆச்சுங்களா?”

“ம்.”

அவள் ஒரு வெங்காயத்தைக் கிள்ளிக் கூடையில் போட்டாள். அவர் நின்றுகொண்டே இருந்தார். பிறகு, கேட்காமலே சொன்னார். ஒன்பது மாதமாகத் தேய்த்த சொற்கள், ஒன்றும் சரியான வரிசையில் வரவில்லை.

“ராசாத்தா. அன்னிக்கு தொட்டிமேல உக்காந்திருந்தான். என்ன கண்ணுன்னு கேட்டேன். இருக்கட்டும்னான். நான் அத்தோட உட்டுப்போட்டேன். பாரஸ்ட்டுக்காரர மூணு தடவ கேட்டேன். நம்ம பையன ஒரு தடவதான் கேட்டேன்.”

அவள் கை நிற்கவில்லை. இன்னும் இரண்டு வெங்காயம் கிள்ளினாள். அழுவாள் என்று நினைத்தார். திட்டுவாள் என்றும் நினைத்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்று இருந்தது.

“நான் மூணு தடவ கேட்டனுங்க” என்றாள் ராசாத்தாள்.

அவருக்கு அது சரியாகக் காதில் விழாததுபோல் இருந்தது.

“அன்னிக்குச் சோறு போடறப்ப ஒருக்கா கேட்டேன். தட்டக் கழுவ எந்திரிச்சான், அப்ப ஒருக்கா. காத்தால வண்டியெடுக்கறப்ப ஹேண்டில்பாரப் புடிச்சுக்கிட்டேன். சாமி, எங்கிட்டயாச்சும் சொல்லிப்போட்டுப் போன்னேன். மூணு தடவயும் அதே பேச்சு. ஒண்ணுமில்லீங்கம்மா, இருக்கட்டுங்க. என்ற கைய மெதுவா எடுத்துவுட்டுட்டுப் போனான்.”

“எங்கிட்ட ஏன் சொல்லுல?”

“எப்படிங்க சொல்றது?” அவள் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். “தூக்கத்துல பொலம்பறீங்க, ஒரு தடவதான் கேட்டேன், ஒரு தடவதான் கேட்டேன்னு. எனக்கு அதுவும் இல்ல. கேக்க வேண்டியதெல்லாம் கேட்டும் போயிட்டான். உங்களுக்காச்சும் அது இருக்கட்டும்னு உட்டுட்டேன்.”

பொங்கியண்ணன் சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்தார். இன்னொரு தடவை கேட்டிருந்தால், என்ற ஒன்று இவ்வளவு நாளும் அவரிடம் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார், மாட்டுக்குத் தீவனம் போட்டார், கடல் தாண்டிப் போய் வந்தார். தப்பு தன்னுடையது என்பதால் அந்தச் சாயங்காலம் தன் கைக்குள் இருந்தது. இப்போது அதுவும் போய்விட்டது. பையன் அந்த வெறுமையான கட்டத்துக்குள் போய்விட்டான். உள்ளே என்ன என்று யார் எத்தனை தடவை கேட்டிருந்தாலும் தெரிந்திருக்காது.

காற்றில் வெங்காயத் தோல் சருகாகப் பறந்தது. அவரும் ஒரு வெங்காயத்தை எடுத்துத் தாளைக் கிள்ளினார்.

வெகுநேரம் கழித்து, “காப்பி வெக்கட்டுங்களா?” என்றாள்.

“இருக்கட்டும்.”

அவள் இரண்டாம் தடவை கேட்கவில்லை. மும்முனைக் கரண்ட் வந்து மோட்டார் தானாக ஓடத் தொடங்கியது. தொட்டி நிரம்பி, சுவரின்மேல் வழிந்து, நிலத்தில் இறங்குகிற சத்தம் கேட்டது. வால்வைத் திருப்ப இரண்டு பேரும் எழுந்து போகவில்லை.